கப்பலின் அடிப்பகுதியை ரோபோவால் சுத்தம் செய்வது: நாள் குறிப்பதிலிருந்து பதிவேடு எழுதுவது வரை

வெதுவெதுப்பான கடலில் சரக்குக்காகக் காத்துக் கிடக்கும் எந்தக் கப்பலும் இதற்குத் தப்புவதில்லை. நங்கூரம் போட்ட சில மணி நேரத்திலேயே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதன் அடிப்பகுதியில் ஒட்டத் தொடங்கிவிடுகின்றன. சில நாட்களில் அது வழும்புப் படலமாகிறது. அதன் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தால் பழுப்புக் கூழ் நகத்தில் ஏறும், கோட்டின் அடியில் சாயத்தின் சிவப்பு பளிச்சென்று தெரியும். இன்னும் சில வாரங்கள் அசையாமல் கிடந்தால் வெயில் படும் நீர்மட்டக் கோட்டை ஒட்டிப் பச்சைப் பாசி தலைமுடிபோல் நீண்டு தொங்கும். வெளிச்சம் எட்டாத தட்டையான அடிப்பரப்பில் பார்னக்கிள்கள் சுண்ணாம்புக் கூம்புகளாக ஒட்டி நிற்கும். நண்டு, இறால் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் சிறு உயிர் ஒட்டுவதற்குச் சுரக்கும் பசை எவ்வளவு வலுவானது என்றால், கூம்பை உடைத்து எடுத்தாலும் அதன் அடித்தட்டு சாயத்திலேயே தங்கிவிடும். தட்டையும் சேர்த்துப் பெயர்த்தால் சாயமும் கூடவே வந்துவிடும்.

இந்தப் படலத்தின் விலை பெரியது. சர்வதேச கடல்சார் அமைப்பு (ஐ.எம்.ஓ.) நடத்திய குளோஃபவுலிங் திட்டத்தின் ஆய்வு, அடிப்பகுதியின் பாதிப் பரப்பில் அரை மில்லிமீட்டர் கனத்தில் வழும்பு படிந்தாலே கப்பலின் பசுங்குடில் வாயு வெளியேற்றம் ஏறக்குறைய கால் பங்கு வரை கூடலாம் என்று சொல்கிறது. அமெரிக்கக் கடற்படைக் கழகத்தின் மைக்கேல் ஷுல்ட்ஸ் 2007-இல் வெளியிட்ட கணக்கின்படி, கனமான சுண்ணாம்பு உயிர்கள் மூடிய ஒரு போர்க்கப்பல் தன் வழக்கமான பயண வேகத்தைக் காக்க 86 சதவீதம் வரை கூடுதல் திறனைச் செலவிட நேரிடும். உலகின் மொத்தப் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் கப்பல் போக்குவரத்தின் பங்கு ஏறக்குறைய 3 சதவீதம் என்பதை இத்துடன் சேர்த்துப் பார்த்தால், அடிப்பகுதியைச் சுத்தமாக வைத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது விளங்கும். புதிய எரிபொருளுக்கும் புதிய இன்ஜினுக்கும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இந்த வேலையை இப்போது கடலில் ஓடிக்கொண்டிருக்கும் கப்பலிலேயே அடுத்த மாதம் செய்துவிடலாம்.

ரோபோ என்றவுடன் பலரும் இயந்திரத்தின் வேகத்தையும் விலையையும் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் இயந்திரம் மூன்றாவது கேள்விதான். எந்தச் சாயத்தின் மேல் ஓட்டுகிறோம், எந்த நாளில் ஓட்டுகிறோம் என்ற இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகே அது வருகிறது. நேரம் தவறிச் செய்த சுத்தம் சாயத்தைக் கெடுத்து, செம்பைக் கடலில் கொட்டி, வேறு கடலின் உயிர்களை நம் கழிமுகத்தில் விதைத்துவிடும். அப்படிச் செய்துவிட்டு அதற்குப் பசுமை என்று பெயர் வைக்க முடியாது. கப்பலின் தொழில்நுட்பப் பொறுப்பில் இருப்பவர்களையும், துறைமுகத்தில் இந்தச் சேவையைத் தொடங்க நினைப்பவர்களையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

படி 1: சாயத்தின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

கடைசியாக உலர்துறையில் (தண்ணீரை வெளியேற்றிவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் துறையில்) ஏற்றியபோது அடிப்பகுதியில் என்ன பூசினார்கள் என்ற அறிக்கை கப்பலிலும் அலுவலகத்திலும் இருக்கும். அதை எடுத்து வைத்துக்கொள்ளாமல் எந்த ரோபோ நிறுவனத்துடனும் பேசத் தொடங்க வேண்டாம்.

பொதுவாக மூன்று வகைச் சாயங்களைக் காண்கிறோம். முதலாவது, செம்பு ஆக்சைடு போன்ற உயிர்க்கொல்லியை மெல்ல மெல்லக் கடலில் விட்டபடி, தானும் கரைந்து தேய்ந்து, புது மேற்பரப்பைக் காட்டிக்கொண்டே இருப்பது. இன்று ஓடும் கப்பல்களில் பெரும்பாலானவற்றில் இதுதான் இருக்கிறது. இதை முரட்டுத் தூரிகையால் தேய்த்தால் ஓராண்டில் கரைய வேண்டிய கனம் ஒரே நாளில் போய்விடலாம். போகும் செம்பு முழுவதும் துறைமுகத் தண்ணீரில் கலக்கும். இரண்டாவது, சிலிக்கோன் அடிப்படையிலான வழுக்குச் சாயம். இதில் உயிர்கள் ஒட்டினாலும் பிடி இறுகாது, கப்பல் வேகமெடுக்கும்போது நீரோட்டமே பெரும்பகுதியைக் கழுவிவிடும். ஆனால் இது ரப்பர்போல் மென்மையானது. தவறான தூரிகையின் ஒரே ஒரு கீறல் போதும், அந்தக் கீறலின் நீளத்துக்கும் பார்னக்கிள்கள் வரிசை கட்டும். மூன்றாவது, உயிர்க்கொல்லி இல்லாத கடினப் பூச்சு. இதற்குத் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி கிடையாது. அடிக்கடி தேய்க்கப்படுவதற்கென்றே செய்யப்பட்டது. ரோபோவுக்கு மிகவும் இணங்கிப் போவதும் இதுதான்.

சாயம் தயாரித்த நிறுவனத்திடம், எந்த வகைத் தூரிகை, எவ்வளவு நீரழுத்தம், எத்தனை முறை என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பின்னாளில் உத்தரவாதச் சண்டை வந்தால் அந்த ஒரு தாள்தான் கைகொடுக்கும்.

சாயத்தின் வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த சாயங்கள் கப்பலுக்கு அற்புதமாக வேலை செய்தன. கடலில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைக்கும் அளவுக்கு நஞ்சாகவும் இருந்தன. 2001-இல் ஏற்கப்பட்டு 2008-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை அவற்றைத் தடை செய்தது. 2023 ஜனவரி முதல் சைபியூட்ரைன் என்ற பொருளும் அந்தத் தடைப் பட்டியலில் சேர்ந்தது. நஞ்சை நம்பும் வழி குறுகிக்கொண்டே வருவதால்தான் அடிக்கடி மென்மையாகத் துடைக்கும் வழி இவ்வளவு கவனம் பெறுகிறது.

படி 2: நாள் குறியுங்கள்

இந்த வழிகாட்டியின் மற்ற எல்லாப் படிகளையும்விட இது முக்கியம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அடிப்பகுதியின் நிலையைக் கப்பலே தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. கப்பல் நாள்தோறும் அனுப்பும் நண்பகல் அறிக்கையில் வரும் எண்களைக் கொண்டு ப்ரொப்பெல்லரின் நழுவலை, அதாவது அது தள்ளிச் செல்ல வேண்டிய தூரத்தில் எத்தனை சதவீதம் குறைகிறது என்பதை, கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கப்பலின் ப்ரொப்பெல்லர் ஒரு சுற்றில் கொள்கையளவில் 6 மீட்டர் முன்னேற வேண்டும், அது நிமிடத்துக்கு 80 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 6 × 80 × 60 = 28,800 மீட்டர்; கடல்மைலில் 15.55. தண்ணீரைச் சார்ந்து கப்பல் போகும் வேகம் 14 நாட் (மணிக்கு 14 கடல்மைல்) என்று வேகமானி காட்டினால் நழுவல் 10 சதவீதம். அதே சுற்றெண்ணில், அதே மிதவை ஆழத்தில், ஒத்த வானிலையில் இரண்டு மாதம் கழித்து வேகம் 13.2 நாட்டாகக் குறைந்திருந்தால் நழுவல் 15 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அடியில் ஏதோ ஒட்டியிருக்கிறது.

ஒரே ஒரு நாளின் எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது. எதிர்நீரோட்டம், எதிர்க்காற்று, பாதிச் சரக்கு, வேகமானியின் பிழை என எல்லாமே இந்த எண்ணை ஆட்டிவைக்கும். காற்று பலமாக வீசிய நாட்களையும், ஆழம் குறைந்த நீரில் ஓடிய நாட்களையும் நீக்கிவிட்டு, ஏறக்குறைய ஒரே சுமையில் ஓடிய நாட்களை மட்டும் வரிசையாக வைத்துப் போக்கைப் பாருங்கள். இதை முறையாகச் செய்வதற்கு ஐ.எஸ்.ஓ. 19030 என்ற தரநிலை இருக்கிறது. ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டில் முறுக்குவிசைமானி பொருத்திய கப்பலாக இருந்தால் நழுவலை நம்பியிராமல் திறனையே நேரடியாக ஒப்பிடலாம்.

இந்தக் கணக்கோடு கப்பலின் ஓய்வு நாட்களையும் எழுதிவாருங்கள். எந்தத் துறைமுகத்தில், எத்தனை நாள், எவ்வளவு வெப்பமான நீரில் அசையாமல் கிடந்தது என்ற குறிப்பு, நழுவல் எண்ணில் தெரிவதற்கு முன்பே ஆபத்தைச் சொல்லிவிடும். ஓடும் கப்பலில் பார்னக்கிள் குஞ்சுகளால் எளிதில் ஒட்ட முடியாது; நிற்கும் கப்பல்தான் அவற்றுக்கு வீடு. வெப்பக் கடலில் இரண்டு மூன்று வாரம் கிடந்த கப்பலை, அடுத்த நீண்ட பயணத்துக்கு முன் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் விதி.

ஐ.எம்.ஓ. 2023-இல் திருத்திய உயிர்ப்படிவு வழிகாட்டுதல்கள் நிலையை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கின்றன. 0 என்றால் சுத்தம். 1 என்றால் வழும்பு மட்டும். 2 என்றால் கண்ணுக்குத் தெரியும் உயிர்கள் பரப்பில் 15 சதவீதம் வரை. 3 என்றால் 40 சதவீதம் வரை. அதற்கு மேல் 4. தரம் 1-இல் இருக்கும்போதே துடைப்பது முன்காப்புச் சுத்தம். 2-ஐத் தொட்ட பிறகு செய்வது பின்வைத்தியம். முன்காப்பில் மென்மையான தூரிகை போதும், சாயம் தேயாது, அயல் உயிர்கள் உதிரும் ஆபத்தும் குறைவு. பின்வைத்தியத்தில் அழுத்தம் கூடும், சாயம் உதிரும், உதிர்வதையெல்லாம் கட்டாயம் பிடித்தாக வேண்டும். நாள் குறிக்கும்போது நீங்கள் உண்மையில் எடுக்கும் முடிவு இதுதான்: 1-இல் நிறுத்துவதா, 3 வரை விடுவதா.

பணக்கணக்கும் அதே பக்கம்தான் நிற்கிறது. நாளொன்றுக்கு 40 டன் எண்ணெய் எரிக்கும் கப்பல் ஒன்றுக்கு 10 சதவீதம் கூடினால் 4 டன். கன எண்ணெயின் ஒரு டன் எரியும்போது 3.114 டன் கரியமில வாயு வெளியேறும் என்பது ஐ.எம்.ஓ. வைத்திருக்கும் கணக்கு, ஆகவே நாளுக்கு ஏறக்குறைய 12.5 டன். ஆண்டில் 200 நாள் கடலில் ஓடினால் 800 டன் எண்ணெயும் 2,490 டன் கரியமில வாயுவும் வீணாகின்றன. 2023 முதல் ஐ.எம்.ஓ. விதிப்படி ஒவ்வொரு பெரிய கப்பலுக்கும் கார்பன் செறிவின் (சுமக்கும் திறனுக்கும் ஓடும் தூரத்துக்கும் வெளியேறும் கரியமில வாயுவின்) அடிப்படையில் ஏ முதல் இ வரை தரம் தரப்படுகிறது. ஓராண்டு இ-யோ, தொடர்ந்து மூன்றாண்டு டி-யோ வாங்கினால் திருத்தத் திட்டம் கொடுக்க வேண்டும். ஐரோப்பியத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்கள் 2024 முதல் வெளியேற்றத்துக்குக் காசும் கட்டுகின்றன: 2024-இன் வெளியேற்றத்தில் 40 சதவீதத்துக்கு, 2025-க்கு 70, 2026 முதல் முழுமைக்கும். இத்தனைக்கும் பிறகு "அடுத்த உலர்துறை வரை தள்ளிப்போடலாம்" என்ற பழைய பேச்சுக்கு இடமில்லை.

படி 3: ஓட்டுவதற்கு முன் பாருங்கள்

சுத்தம் செய்யும் ரோபோவை வரவழைப்பதற்கு முன், கேமரா பொருத்திய சிறு நீர்மூழ்கி ரோபோவை விட்டுப் பார்வையிடுவது நல்லது. பக்கவாட்டு, தட்டை அடி, முன்பகுதியின் குமிழ், பின்பகுதி, சுக்கான், ப்ரொப்பெல்லர், கடல்நீர் உறிஞ்சும் பெட்டிகளின் கம்பிவலை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தரம் எழுதச் சொல்லுங்கள். "கப்பல் முழுதும் தரம் 2" என்று ஒரே வரியில் முடியும் அறிக்கையால் எந்தப் பயனுமில்லை. நீர்மட்டக் கோட்டில் பாசி, தட்டை அடியில் பார்னக்கிள், பக்கவாட்டில் வெறும் வழும்பு என்பதுதான் அடிக்கடி காணும் நிலை. ஒவ்வொன்றுக்கும் வேறு தூரிகை, வேறு அழுத்தம், வேறு விலை.

சாயம் உரிந்த இடங்கள், கொப்புளங்கள், துரு ஆகியவற்றையும் இப்போதே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் முடிந்த பிறகு "இது முன்பே இருந்தது" என்று இரு தரப்பும் சொல்லும்போது தேதியிட்ட படம் மட்டுமே பேசும்.

படி 4: ரோபோவைத் தேர்ந்தெடுங்கள்

ரோபோ கப்பலோடு ஒட்டி நிற்கும் முறையை முதலில் பாருங்கள். காந்தச் சக்கரத்தால் எஃகின் மேல் ஊர்ந்து போகும் வகை உறுதியானது, நேர்கோட்டில் போகும். ஆனால் அலுமினியத்திலும் இழைக்கண்ணாடியிலும் ஒட்டாது. உந்துவிசையாலோ உறிஞ்சுவிசையாலோ ஒட்டும் வகை எந்த உலோகத்திலும் போகும். நீரோட்டம் கூடினால் தடுமாறும்.

அடுத்தது, அழுக்கை எடுக்கும் முறை. சுழலும் தூரிகை, உயரழுத்த நீர், நீரில் குமிழ்களை உண்டாக்கி உடைக்கும் தாரை என மூன்றும் சந்தையில் இருக்கின்றன. துபாயில் 2013-இல் வந்த ஹல்வைப்பர், தூரிகையே இல்லாமல் கடல்நீரையே அழுத்தத்தில் பாய்ச்சி, உதிர்வதை உறிஞ்சி வடிகட்டும் வகை. நெதர்லாந்தின் ஃப்ளீட் கிளீனர், காந்தத்தால் ஒட்டி, நீரால் கழுவி, கழிவைத் தன் துணைப்படகுக்கு அனுப்பும். கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் நேரத்திலேயே வேலை நடக்கும். நார்வேயின் யோட்டுன் நிறுவனம் 2020-இல் அறிமுகப்படுத்திய ஹல்ஸ்கேட்டர் வேறு சிந்தனையில் பிறந்தது. ஏறக்குறைய 200 கிலோ எடையுள்ள அந்த ரோபோ கப்பலிலேயே குடியிருக்கும். கப்பல் துறைமுகத்தை அடைந்ததும் இறங்கி வழும்பை மட்டும் துடைத்துவிட்டு ஏறிவிடும். ஓட்டுபவர் 4ஜி இணைப்பில் எங்கோ கரையில் உட்கார்ந்திருப்பார். முன்காப்பு என்ற எண்ணத்தை இயந்திரமாகவே செய்தது இது என்பதால் எனக்கு இதன் மேல் மதிப்பு அதிகம். அதற்கேற்ற சாயமும், ஒரே கப்பலை நீண்ட காலம் வைத்திருக்கும் திட்டமும் இருந்தால்தான் இது பொருந்தும். பல கப்பல்கள் வந்துபோகும் துறைமுகத்தில் சேவை தொடங்க நினைப்பவருக்குக் கரையிலிருந்து இயங்கும், கழிவைப் பிடிக்கும் வகைதான் சரி.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை: எத்தனை நாட் நீரோட்டம் வரை ஓடும்? தட்டை அடிக்குப் போக அடியில் எவ்வளவு தண்ணீர் இருக்க வேண்டும்? உதிர்வதில் எத்தனை சதவீதத்தைப் பிடிக்கிறது, அதை யார் சோதித்தார்கள்? கப்பல் துறையின் சர்வதேசச் சங்கமான பிம்கோ வகுத்த தொழில்தர நிலை குறைந்தது 90 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்கிறது; சுத்தம் செய்யும் கருவிகளைச் சோதிப்பதற்கென்று ஐ.எஸ்.ஓ. 20679 என்ற தரநிலையும் வந்திருக்கிறது. இந்த இரண்டில் ஒன்றின்படி தனி அமைப்பு சோதித்த அறிக்கையைக் காட்ட முடியாத நிறுவனத்தின் "நூறு சதவீதம் பிடிக்கிறோம்" என்ற விளம்பரத்தை நான் ஏற்பதில்லை.

வடிகட்டியைப் பற்றி மட்டும் கூடுதலாக ஒரு கேள்வி கேளுங்கள். சல்லடையும் பை வடிகட்டியும் துகள்களைப் பிடிக்கும். தண்ணீரில் கரைந்துவிட்ட செம்பைப் பிடிக்காது. அதற்குத் தனி உறிஞ்சுப் பொருள் வேண்டும். செம்புச் சாயம் பூசிய கப்பலில், தரம் 2-க்கு மேல், மூடிய துறைமுகப் படுகையில் வேலை என்றால் இந்தக் கேள்விக்கு விடையில்லாமல் ஒப்பந்தம் போடாதீர்கள்.

படி 5: துறைமுகத்தின் அனுமதியைப் பெறுங்கள்

துறைமுகத்துக்குத் துறைமுகம் விதி மாறும். சில இடங்களில் கழிவைப் பிடித்தால் மட்டும் அனுமதி, சில இடங்களில் அறவே இல்லை, சில இடங்களில் நங்கூரத் துறையில் மட்டும். முகவர் வழியாகத் துறைமுக அதிகாரிக்கு விண்ணப்பிக்கும்போது சாயத்தின் வகை, தரம் எழுதிய பார்வை அறிக்கை, ரோபோவின் சோதனை அறிக்கை, கழிவு எங்கே போகும் என்ற ஏற்பாடு ஆகிய நான்கையும் முதல் கடிதத்திலேயே இணைத்துவிடுங்கள். ஒவ்வொன்றாகக் கேட்டு ஒவ்வொன்றாக அனுப்பினால் கப்பல் கிளம்பும் நாள் வந்துவிடும்.

அதிகாரிகள் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதை எரிச்சலாகப் பார்க்கும் மாலுமிகள் உண்டு. எண்ணூர், பழவேற்காடு மீனவர்களிடம் பேசிப் பார்த்தால் அந்த எரிச்சல் போய்விடும். தென் அமெரிக்கக் கடற்கரையைச் சேர்ந்த ஒரு சிப்பி இனம் அங்கே படுகையைப் பாய்போல் மூடிக்கொண்டது. அவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். முன்பு மட்டியும் இறாலும் எடுத்த சேற்றில் இப்போது கால் வைத்தால் அந்தச் சிப்பியின் கூர்விளிம்புதான் தட்டுப்படுகிறது. கப்பல்கள் சமநிலைக்காகத் தொட்டிகளில் ஏற்றும் நிலைநீரிலோ, அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டோ அது வந்திருக்க வேண்டும் என்றே கருதப்படுகிறது. பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம் இது. நியூசிலாந்து 2018 முதலே சுத்தமான அடிப்பகுதியோடுதான் வர வேண்டும் என்று விதி வைத்திருப்பதும், 2022 டிசம்பரின் கடைசியில் வைக்கிங் ஓரியன் என்ற பயணிகள் கப்பல் அடிப்பகுதிப் படிவால் துறைமுகத்துக்குள் விடப்படாமல் தெற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கடலில் நின்று சுத்தம் செய்ய நேர்ந்ததும் இதே அச்சத்தால்தான்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. உயிர்கள் எங்கே ஒட்டினவோ, அந்தத் துறைமுகத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன் சுத்தம் செய்யுங்கள். உள்ளூர் உயிர் உள்ளூரிலேயே உதிர்ந்தால் ஆபத்து குறைவு. அதைச் சுமந்துகொண்டு அடுத்த கடலுக்குப் போய் அங்கே உதிர்ப்பதுதான் தவறு.

படி 6: கப்பலைத் தயார்படுத்துங்கள்

ரோபோதானே, ஆள் இறங்கவில்லையே என்று பாதுகாப்பு விதிகளைத் தளர்த்தக் கூடாது. கேபிள் சிக்கினால் அதை எடுக்க டைவர் இறங்க வேண்டி வரும். அப்போது யாரும் எதையும் புதிதாக நிறுத்திக்கொண்டிருக்க முடியாது. ஆகவே டைவர் இறங்குவதாகவே எண்ணி எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்.

முதன்மை இன்ஜினும் முன்பக்க உந்தியும் சுக்கானும் இயங்காதபடி பூட்டி, எச்சரிக்கைச் சீட்டு மாட்ட வேண்டும். துருத் தடுப்பு மின்னோட்டத்தையும் ஆழமானியையும் நிறுத்த வேண்டும். எந்தக் கடல்நீர்ப் பெட்டியிலிருந்து உறிஞ்சுகிறோம் என்பதை ரோபோ ஓட்டுபவரிடம் சொல்லி, அவர் அந்தப் பக்கம் போவதற்கு முன் மறுபக்கத்துக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் உதிரும் பாசி முழுவதும் குளிர்விப்பான் வடிகட்டிக்குள் போய், ஜெனரேட்டர் சூடேறி நிற்கும். கப்பலிலிருந்து வெளியே விழும் கழிவுநீர்க் குழாய்களை மூட வேண்டும். எண்ணெய் நிரப்புவதை அதே நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். பாலத்தில் (கப்பலைச் செலுத்தும் மேல் அறையில்) ஒருவர், இன்ஜின் அறையில் ஒருவர், ரோபோ குழுவில் ஒருவர் என மூவர் கையிலும் ஒரே அலைவரிசையில் வாக்கிடாக்கி இருக்க வேண்டும்.

படி 7: ஓட்டுங்கள்

முழு வேகத்தில் தொடங்காதீர்கள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில், சில மீட்டர் நீளத்துக்குச் சோதனைப் பட்டை ஒன்றை மிகக் குறைந்த அழுத்தத்தில் ஓட்டச் சொல்லுங்கள். பிறகு கேமராவை அந்தப் பட்டையின் மேல் திருப்பிச் சாயத்தைப் பாருங்கள். வழும்பு போய், சாயத்தின் நிறம் சீராக இருந்தால் அதே அழுத்தம் போதும். வடிகட்டியின் தண்ணீர் சாயத்தின் நிறத்துக்குச் சிவந்திருந்தால் நீங்கள் எடுப்பது அழுக்கை அல்ல, சாயத்தை. அழுத்தத்தைக் குறையுங்கள், அல்லது தூரிகையை மாற்றுங்கள்.

திரையில் பார்க்கும்போது இந்த வேலை ஏர் உழுவதைப் போலிருக்கும். மங்கிய பச்சைத் தண்ணீர், நடுவில் விளக்கொளி விழும் ஒரு வட்டம், ஓட்டிய பட்டை கருஞ்சிவப்பாக, ஓட்டாத பட்டை பழுப்பாக, இரண்டுக்கும் நடுவே ஒரு விளிம்பு. அந்த விளிம்பின் மேல் அடுத்த பட்டை சற்றே ஏறிப் போக வேண்டும். இல்லையென்றால் இடையில் ஒரு விரற்கடை அகலத்தில் வழும்பு தங்கி, இரண்டு மாதத்தில் அதுவே பார்னக்கிள் வரிசையாகிவிடும். தண்ணீருக்கடியில் ஜி.பி.எஸ். எட்டாது என்பதால், சக்கரச் சுற்று, ஆழம், திசை ஆகியவற்றோடு தகடுகளை இணைத்த வெல்டிங் கோடுகளையும் அடையாளமாக வைத்தே இடத்தை அறிய வேண்டியிருக்கிறது. கப்பலின் தகட்டு வரைபடம் ஒன்றை ரோபோ குழுவுக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டால், "பக்கவாட்டில் நடுப்பகுதி" என்று மழுப்பாமல் கப்பலின் விலா எலும்புகள் போன்ற எஃகுச் சட்டங்களில் இன்ன எண்ணிலிருந்து இன்ன எண் வரை முடிந்தது என்று எழுதுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நங்கூரத் துறையில், உறிஞ்சு குழாயின் இணைப்பு கழன்றது தெரியாமல் ரோபோ அரை மணி நேரம் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். திரையில் தூரிகை அழகாகச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. கப்பலின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தபோதுதான் பழுப்பு மேகம் ஒன்று பின்பக்கமாக விரிந்துகொண்டு போவது தெரிந்தது. அதன் பிறகு மேல்தளத்தில் ஒருவரைத் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பதற்கு மட்டுமே நிறுத்துகிறேன். நிறம் மாறினால் நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் அவருக்கே உண்டு. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

நீரோட்டம் ஏறினால், அலை கூடினால், கேபிள் நங்கூரச் சங்கிலிப் பக்கம் போனால் நிறுத்திவிடுங்கள். பாதியில் நின்ற வேலைக்கு என்ன கூலி என்பது ஒப்பந்தத்தில் இருந்தால், நிறுத்தச் சொல்ல யாரும் தயங்க மாட்டார்கள்.

படி 8: ரோபோ எட்டாத இடங்கள்

தட்டையான பரப்பில் ரோபோ வல்லது. கடல்நீர்ப் பெட்டியின் கம்பிவலை, முன்பக்க உந்தியின் குழல், சுக்கானின் இடுக்கு, கப்பல் உருள்வதைக் குறைக்கும் பக்கத் துடுப்புப் பட்டைகளின் ஓரம், உலர்துறையில் தாங்குகட்டைகள் நின்றதால் சாயம் படாமல் போன சதுரங்கள் ஆகியவற்றில் அது திணறும். அயல் உயிர்கள் பெரிதும் பதுங்குவது இந்த இடுக்குகளில்தான். உயிரியல் ஆய்வாளர்கள் முதலில் பார்ப்பதும் இவற்றைத்தான். பக்கவாட்டு முழுக்கப் பளபளத்தாலும் கம்பிவலைக்குள் சிப்பிக் கொத்து இருந்தால் கப்பல் சுத்தமில்லை. கைக்கருவியோடு டைவரை இறக்குங்கள், அல்லது இடுக்குகளுக்கென்று செய்த சிறு கருவியைக் கேளுங்கள்; அங்கேயும் உதிர்வதைப் பிடிக்க வேண்டும்.

ப்ரொப்பெல்லரை மறக்க வேண்டாம். பரப்பில் சிறியது, பலனில் பெரியது. மெருகேற்ற ஆகும் செலவு சீக்கிரமே எண்ணெயில் திரும்பிவிடும்.

படி 9: பிடித்த கழிவு

வடிகட்டியில் நிற்கும் சேறு சாதாரணக் குப்பை அல்ல. அதில் செம்பு இருக்கிறது, சாயத்தின் பிளாஸ்டிக் துகள் இருக்கிறது, உயிருள்ள லார்வாக்களும் இருக்கலாம். மூடிய கலத்தில் எடையிட்டுக் கரைக்கு அனுப்பி, உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்திடம் ஒப்படைத்து, எடை எழுதிய ரசீது வாங்குங்கள். அந்த எடையைப் பார்வை அறிக்கையோடு ஒப்பிட்டும் பாருங்கள். தரம் 3 என்று எழுதிய பெரிய கப்பலிலிருந்து இரண்டு வாளிச் சேறு மட்டும் வந்திருந்தால், மீதி கடலில் இருக்கிறது.

படி 10: எழுதுங்கள், அளந்து பாருங்கள்

ஐ.எம்.ஓ. வழிகாட்டுதல்கள் ஒவ்வொரு கப்பலிலும் உயிர்ப்படிவு மேலாண்மைத் திட்டமும் பதிவேடும் இருக்க வேண்டும் என்கின்றன. நாள், இடம், ஆழம், நீரின் வெப்பம், பகுதிவாரியாக முன்னும் பின்னும் தரம், பயன்படுத்திய தூரிகையும் அழுத்தமும், விடுபட்ட இடங்கள், கழிவின் எடை, ரசீது எண், படங்கள் ஆகியவற்றை அன்றே பதிவேட்டில் ஏற்றுங்கள். அடுத்த நாட்டின் அதிகாரி கேட்டால் காட்டுவதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. வாடகைக்கு எடுத்தவர் கப்பலை நீண்ட நாள் நிறுத்திவைத்ததால் படிவு வந்தது என்ற வழக்கு எழுந்தாலும் இந்தப் பக்கங்கள்தான் பேசும்.

அடுத்த பயணத்தில் வானிலை அமைதியான ஐந்தாறு நாட்களின் நழுவலைப் படி 2-இல் சொன்ன முறையில் கணக்கிட்டு, சுத்தத்துக்கு முந்தைய எண்ணின் பக்கத்திலேயே எழுதுங்கள். 15 சதவீதம் 11-ஆக இறங்கியிருந்தால் வேலை நடந்திருக்கிறது. இறங்கவே இல்லையென்றால் முதலில் ப்ரொப்பெல்லரையும் பிறகு தட்டை அடியையும் சந்தேகப்படுங்கள். இறங்கி, ஒரே மாதத்தில் மறுபடி ஏறினால் சாயம் சேதமாகியிருக்கிறது. சாய நிறுவனத்தைக் கூப்பிட வேண்டிய நேரம் அது. கடைசியாக, கப்பல் அடுத்து எந்த வெப்பத் துறைமுகத்தில் எத்தனை நாள் நிற்கப் போகிறது என்பதைப் பயணத் திட்டத்தில் பார்த்து, அங்கே கேமரா இறக்க வேண்டிய தேதியைப் பதிவேட்டின் அதே பக்கத்தின் அடியில் குறித்துவிடுங்கள்.